செய்தியில் யார் ‘அவர்’, யார் ‘அவள்’?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் சென்னையில் மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பு, பள்ளியில் தமிழ் கற்பித்தல் என்று நாள் முழுக்க மொழியோடு புழங்குபவர்கள். ஆணையும் பெண்ணையும், திருநங்கை, திருநம்பி உள்ளிட்ட திருநரையும் தமிழ் நாளிதழ்கள் எழுதும் முறையைப் பற்றிச் சில விவரங்களைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். ஆண் என்றால் இன்னது, பெண் என்றால் இன்னது என்பதை யாரும் புத்தி சொல்லிக் குழந்தை கற்றுக்கொள்வதில்லை. யாரை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பதை நாள்தோறும் கேட்டும் படித்தும் பிடித்துக்கொள்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு, பாடப்புத்தகத்துக்கு அடுத்தபடி கைக்குக் கிடைப்பது செய்தித்தாள்தான். ஆகவே தங்கள் மேசையில் இரவு பத்தரை மணிக்கு நடக்கும் சொல் தேர்வு எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

வினைமுற்றிலிருந்து தொடங்குகிறோம். தமிழில் வினைமுற்றுக்குத் திணையும் பாலும் உண்டு. ஆங்கிலச் செய்தி நிறுவனத்திலிருந்து வரும் பிரதியில் ‘said’ என்று ஒரே சொல் இருக்கும். தமிழுக்கு வரும்போது சொன்னான், சொன்னாள், சொன்னார் என்ற மூன்றில் ஒன்றை உதவி ஆசிரியர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஒரு செய்திக்குள்ளேயே இது பத்துப் பதினைந்து முறை நடக்கும். அமைச்சர், மருத்துவர், நடிகை எல்லோருக்கும் ‘ஆர்’ தானாக வந்துவிடும். சிக்கல் கீழே இறங்கும்போது. வீட்டு வேலை செய்யும் பெண் நகை திருடியதாகப் புகார் என்றால் ‘திருடினாள்’. அதே செய்தியில் புகார் கொடுத்த வீட்டுக்காரர் ‘தெரிவித்தார்’. பாலியல் தொழிலில் இருந்தவர் கைது என்றால் ‘சிக்கினாள்’. அங்கே வாடிக்கையாளராக வந்தவர் ‘தொழிலதிபர் ஒருவர்’. பாலும் வர்க்கமும் ஒன்றாகச் சேரும் இடம் இது. கைதான ஆண்களுக்கும் ‘ஆன்’ விழுகிறது என்பது உண்மை. குற்றம் நிரூபிக்கப்படாத நிலையில் அதுவும் கூடாது.

பேச்சுவழக்கை எடுத்துக்கொண்டால், சென்னையில் ‘அந்தப் பொண்ணு வந்துச்சு’ என்பது சாதாரணம். அன்பாகவும் சொல்வார்கள், ‘அவள்’ என்று சொல்லக் கூச்சப்பட்டும் சொல்வார்கள். ‘அந்தப் பையன் வந்துச்சு’ என்று கேட்பது அரிது. பையனுக்கு உயர்திணை இயல்பாகக் கிடைக்கிறது; பெண்ணுக்கு அஃறிணை இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. பேச்சில் இதைக் குற்றமாகச் சொல்ல மாட்டோம். ஆனால் எழுத்துத் தமிழ் இதைவிட நேராக இருக்க முடியும், ஏனென்றால் அதற்கான வடிவம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘அவர்’ என்பது பலர்பால் வடிவம். ஒருவரை மரியாதையாகச் சொல்ல அது வருவதை வழக்கில் உள்ள உயர்சொல் என்று தொல்காப்பியமே பதிவு செய்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்லாமலே மனிதரை மதிப்பாகக் குறிக்கும் சொல்லுக்காகச் சில மொழிக்காரர்கள் இன்று புதிது புதிதாக ஆக்கிப் பார்க்கிறார்கள். நமக்கு அது பாட்டன் சொத்து.

இதற்கு டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்தும் மேசையில், வழக்கமாக வரும் மறுப்பு நியாயமானது: எல்லோருக்கும் ‘அவர்’ போட்டால் குழப்பம். கணவன் மனைவி தகராறு பற்றிய செய்தியில் ‘அவர் அவரிடம் பணம் கேட்டார், அவர் மறுத்ததால் அவரைத் தாக்கினார்’ என்று வந்தால் யார் யாரை அடித்தார் என்றே தெரியாது. ‘அவன், அவள்’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் தீரும் என்பதால்தான் பலர் பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள். தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் ‘அவர்’ ஒரே ஆளைத்தான் குறிக்க வேண்டும். இரண்டாவது ஆளுக்குப் பெயரையோ ‘கணவர்’, ‘மனைவி’, ‘மாமியார்’ என்ற உறவையோ மறுபடி போட வேண்டும். நீண்ட வாக்கியத்தை ‘மறுத்தார்’ என்ற இடத்தில் வெட்ட வேண்டும். ‘பணம் தர மனைவி மறுத்தார். ஆத்திரமடைந்த கணவர் அவரைத் தாக்கினார்.’ அவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ‘ஆர்’ போட்டால் செயற்கையாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அங்கே ‘சிறுவன் சொன்னான், சிறுமி சொன்னாள்’ இருக்கட்டும். பையன் ‘சொன்னார்’, பெண் ‘சொன்னாள்’ என்று பிரியக் கூடாது என்பதே முக்கியம்.

கணினியில் தேடி மாற்ற நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘னாள்’ என்று தேடி ‘னார்’ என மொத்தமாக மாற்றினால் ‘முன்னாள் அமைச்சர்’ எல்லோரும் ‘முன்னார் அமைச்சர்’ ஆகிவிடுவார்கள். ‘தாள்’ என்று தேடினால் ‘செய்தித்தாள்’, ‘விடைத்தாள்’ அடிபடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். தாளில் மெய்ப்புப் பார்ப்பவர் என்றால், முதல் வாசிப்பில் எழுத்துப்பிழையைத் தேடாமல் வாக்கியங்களின் கடைசிச் சொற்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு இறங்கலாம். ஒற்றைப் பத்திச் செய்திக்கு அரை நிமிடம்கூட ஆகாது. எங்கே ‘ள்’ வருகிறது, எங்கே ‘ர்’ வருகிறது என்பது அப்படியே கண்ணில் படும்.

அடுத்து தொழிற்பெயர். ஓட்டுநர், நடத்துநர், மருத்துவர், ஆய்வாளர், மேயர் எல்லாம் இருபாலுக்கும் பொதுவான சொற்கள். அவற்றின் முன்னால் ‘பெண்’ என்று ஒட்டினால், வெறும் ‘ஓட்டுநர்’ என்பது ஆண் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். 1993இல் வசந்தகுமாரி அரசுப் பேருந்தை ஓட்ட வந்தபோது ‘பெண் ஓட்டுநர்’ என்பது செய்தி. 1957இல் தாரா செரியன் சென்னை மேயரானபோதும் அப்படியே. தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல். ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது 1992இல். இத்தனை ஆண்டுகள் கழித்தும் போக்குவரத்து நெரிசலைச் சரிசெய்தவர் ‘பெண் போலீஸ்’ என்றே வருகிறது. ஒருவர் பெண் என்பது அந்தச் செய்திக்குத் தேவையா என்று கேட்டுப் பார்த்தால் போதும். பெரும்பாலும் தேவைப்படாது. வினைமுற்று எப்படியும் ‘ஆர்’ என்று வரும், பெயரே ஆளைச் சொல்லிவிடும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. தொழில் சொல்ல வேண்டிய இடத்தில் வெறும் ‘பெண்’ என்று விட்டுவிடுவது. கட்டட விபத்துச் செய்திகளைப் பாருங்கள்: ‘சாரம் சரிந்து கொத்தனார் பலி, பெண் படுகாயம்’. அந்தப் பெண் அங்கே வேடிக்கை பார்க்க வரவில்லை. அவர் சித்தாள். மணல் சலித்து, கலவையைச் சட்டியில் வாங்கித் தலையில் வைத்து, சாரத்தில் ஏறி எடுத்துக் கொடுக்கும் ஆள். கரண்டியும் தூக்குக்குண்டும் கைக்கு வந்த பையன் சில ஆண்டுகளில் கொத்தனார் ஆகிறான். அதே வேலையைப் பக்கத்தில் நின்று இருபது ஆண்டு பார்த்த பெண் சித்தாளாகவே இருக்கிறார், கூலியும் அப்படியே. அவருடைய தொழிலைத் தலைப்பிலிருந்தே எடுத்துவிட்டால், அவர் உழைப்பு மட்டுமல்ல, அந்த ஏற்றத்தாழ்வும் செய்தியிலிருந்து மறைந்துபோகிறது. ‘கொத்தனார் பலி, சித்தாள் காயம்’ என்பது எழுத்து எண்ணிக்கையிலும் குறைவு.

‘முருகன் (38), ஆட்டோ ஓட்டுநர். இவருடைய மனைவி லட்சுமி (32)’ என்ற வாய்ப்பாடும் இதே வகை. காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையில் ‘க/பெ’ என்று கணவர் பெயர் இருக்கும், வேலை பற்றிய கட்டம் பல நேரம் காலியாக இருக்கும். நிருபர் அதை அப்படியே எடுத்துத் தருகிறார். ஆணுக்குத் தொழிலைக் கேட்ட இடத்தில் பெண்ணுக்கும் கேட்பது என்று நிருபர்களுக்கு ஒரு விதி இருந்தால் சரியாகிவிடும். வெளியே வேலைக்குப் போகாதவர் என்றால் ‘வீட்டைக் கவனித்து வந்தார்’ என்று எழுதலாம்; ‘வீட்டில் சும்மா இருந்தார்’ வேண்டாம். மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் பங்களிப்புதான், அவருக்குச் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்துக்கு அரசு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது. நாளிதழ்களில் அது அடிக்கடி ‘உதவித்தொகை’ ஆகிவிடுகிறது. உரிமையும் உதவியும் ஒன்றல்ல. பெயரை உள்ளபடி அச்சிடக் கேட்கிறோம்.

குற்றச் செய்திகளுக்கு வருகிறோம். எங்களை அதிகம் வருத்துவது இதுதான். ‘கற்பழிப்பு’ என்ற சொல், குற்றம் செய்தவனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை; பாதிக்கப்பட்டவரிடமிருந்து ஏதோ அழிந்துபோனது என்கிறது. அவரிடம் எதுவும் அழியவில்லை. ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதச் சொன்னால், ஒற்றைப் பத்தித் தலைப்பில் இடம் போதாது என்பார்கள். எண்ணிப் பார்த்தோம். பாலியல் வன்கொடுமை 9 எழுத்து, கற்பழிப்பு 6 எழுத்து. இடம் இடிப்பது உண்மைதான். ஆனால் ‘வன்புணர்வு’ என்பதும் 6 எழுத்துதான். ‘ஒருதலைக்காதல்’ 8 எழுத்து; அதற்குப் பதிலாக எழுதக்கூடிய ‘தொடர் தொல்லை’ 6. ஒரு பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்னால் திரிவது 2013 முதல் தனிக் குற்றம். அதைக் காதல் வகையில் சேர்த்தால், மறுத்த பெண்ணைக் கத்தியால் குத்தியவன் மீது வாசகருக்கு இரக்கம் வருகிறது, குத்துப்பட்டவர் மனம் இரங்காதவர் ஆகிறார். ‘ஈவ்டீசிங்’ என்பதும் இப்படித்தான் விளையாட்டுப்போலத் தொனித்தது. 1998இல் சென்னைக் கல்லூரி மாணவி ஒருவரின் மரணத்துக்குப் பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் பெயரில் அந்தச் சொல் இருந்தது. பின்னர் அரசே அதை நீக்கி, பெண்களுக்குத் துன்பம் விளைவித்தல் என்று பெயரைத் திருத்தியது. நாளிதழ்களில் அந்தச் சொல் இன்னும் உலவுகிறது.

‘கள்ளக்காதல்’ தனியாகப் பேச வேண்டியது. திருமணத்துக்கு வெளியே உறவு கொள்வதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் செல்லாது என்று அறிவித்துவிட்டது. தலைப்புகளில் மட்டும் அது இன்னும் குற்றமாகவே தொடர்கிறது, அதுவும் பெண்ணுக்கே. ‘2 குழந்தைகளின் தாய் கள்ளக்காதலனுடன் ஓட்டம்’ என்று எத்தனை முறை வந்திருக்கும்! அதே தலைப்பை ஆணுக்குத் திருப்பிப் போட்டுப் படியுங்கள்: ‘2 குழந்தைகளின் தந்தை கள்ளக்காதலியுடன் ஓட்டம்’. கண் தடுக்குகிறது. இப்படி ஒரு தலைப்பை யாரும் போடுவதில்லை என்பதால்தான் தடுக்குகிறது. பெண்ணைப் பற்றிய எந்தத் தலைப்பையும் பக்கம் போகும் முன் ஒருமுறை ஆணாக மாற்றிப் படிப்பது, எங்களுக்குத் தெரிந்த சோதனைகளில் மிகவும் பயன்படுவது. இருவர் தம் விருப்பத்தில் வீட்டைவிட்டுப் போனதில் குற்றம் எதுவும் இல்லையென்றால் அது செய்தியே அல்ல. கொலை நடந்திருந்தால் கொலைதான் தலைப்பு.

‘இளம்பெண் கடத்தப்பட்டார், சீரழிக்கப்பட்டார்’ என்ற செயப்பாட்டு வினையையும் கவனியுங்கள். ‘பட்டார்’ என்று எழுதியவுடன் செய்தவர் காணாமல் போகிறார். வாக்கியம் முழுக்கப் பெண்ணே நிற்கிறார். ‘இளம்பெண்ணைக் கடத்தியதாக 2 பேர் கைது’ என்று எழுதினால் ஆளும் தெரியும், ‘ஆக’ என்ற ஈற்றால் வழக்கு இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பதும் தெரியும்.

பெயரை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியடைவது இன்னொரு கோளாறு. பெயர் இல்லாமல், வயது, தெரு, படிக்கும் பள்ளி, தந்தை செய்யும் வேலை என நான்கையும் அச்சிட்டால் அந்தப் பேட்டையில் தெரியாதவர் யார்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, சுற்றுப்புறம் என்று எல்லாவற்றையும் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வயது வந்தவர்களுக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு இருக்கிறது. உறவினரே குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் அவர் பெயரைப் போடுவதும் குழந்தையைக் காட்டிக்கொடுக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

திருநர் பற்றிய செய்திகளில் முன்பு இருந்ததைவிட இப்போது எவ்வளவோ மேல். ‘திருநங்கை’ என்ற சொல்லை அரசு முன்வைத்ததும், 2008இல் நல வாரியம் அமைந்ததும், நாளிதழ்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதும் சேர்ந்து பழைய வசைச்சொற்களை அச்சிலிருந்து விரட்டின. ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இருக்கும் சான்று இது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் அரசு ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. அதன் பிறகும் திருநம்பியைத் ‘திருநங்கை’ என்று எழுதுவதும், ‘ஆணாக இருந்து பெண்ணாக மாறியவர்’ என்று ஒவ்வொரு செய்தியிலும் விளக்குவதும், பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவதும் நிற்கவில்லை. பிறப்பில் பெண் என்று பதியப்பட்டுத் தம்மை ஆணாக உணர்பவர் திருநம்பி. அவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அது மட்டும் போதும். ‘அது, வந்தது’ என்று அஃறிணையில் எழுதுவதற்கு இலக்கணத்திலும் இடமில்லை. தொல்காப்பியம் அவர்களை வைத்தது உயர்திணையில்.

ஞாயிறு இணைப்பில் குழந்தைகளின் தடுப்பூசி அட்டவணை ‘மகளிர் பக்கத்தில்’ வருகிறது. பிறந்தவுடன் பிசிஜி, 6, 10, 14ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட், 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா என்று எல்லாம் சரியாகவே இருக்கிறது. தலைப்பு மட்டும் ‘தாய்மார்களே, மறக்காதீர்கள்’. தந்தை அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. 14ஆவது வாரத்தை நினைவில் வைக்கும் வேலை தாயின் தலையில் மட்டும் விழுகிறது. அட்டவணையைப் பொதுப் பக்கத்துக்கு மாற்றி ‘பெற்றோர்’ என்று போடுங்கள். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கட்டுரைகளுக்கும் இதே வேண்டுகோள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) நாடு முழுவதும் மணவாழ்வில் உள்ள தம்பதியரில் பெண் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், ஆண் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம். ஆணுக்கு அது வயிற்றைத் திறக்காத, அன்றே வீடு திரும்பக்கூடிய சிறிய சிகிச்சை. மகளிர் பக்கத்தில் எழுதினால் யார் படிப்பார்கள்?

ஆண்களையும் இதே மொழி நெருக்குகிறது. விபத்துப் படங்களின் கீழே ‘கதறி அழும் தாய்’ இருப்பார். தந்தை ‘இடிந்துபோய்’ நிற்பார். அவரும் அழுதிருந்தால் அழுதார் என்றே எழுதலாம். அதிகாரிகளுக்குச் சேலை, வளையல் அனுப்பும் போராட்டங்களை விரும்பிப் படம் எடுத்துப் போடுகிறோம். பெண்ணின் உடையை இழிவாகக் காட்டுவதுதான் அந்தப் போராட்டத்தின் உள்ளடக்கம். கோரிக்கையை எழுதி, வளையலை விட்டுவிடலாம்.

உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் பாலினப் படிமங்கள் பற்றி நீதிபதிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. தவிர்க்க வேண்டிய சொல், மாற்றுச் சொல் என்று அதில் அட்டவணையே உண்டு. நாளிதழுக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். இரண்டு பக்கத்தில், ஒருபுறம் சொற்கள், மறுபுறம் மேலே சொன்ன சோதனைகள் என்று கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கும் அளவு போதும். புதிதாகச் சேரும் நிருபருக்கு முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். டெஸ்க்கில் யாரோ ஒருவர் மட்டும் திருத்திக்கொண்டிருந்தால், அவர் விடுப்பில் போகும் நாளில் பழையது அப்படியே திரும்பி வரும். திருத்தம் போட்டவர் ஏன் போட்டார் என்பதையும் ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டும். இல்லையென்றால் நிருபர் அதைச் சொல் விருப்பம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வாரமும் அதையே அனுப்புவார்.

அப்படியொரு பட்டியலை, எழுத்து எண்ணிக்கையோடும், ஒற்றைப் பத்தி, இரட்டைப் பத்தித் தலைப்புகளுக்கான மாதிரிகளோடும் தயாரித்து வைத்திருக்கிறோம். தாங்கள் கேட்டால் அனுப்புகிறோம், கட்டணம் எதுவும் இல்லை. பிளஸ் 2 தேர்வு முடிவு வெளியாகும் நாளுக்குள் அது டெஸ்க்கில் இருந்தால் நல்லது. அன்றுதான் ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகம்’ என்ற தலைப்பும், ‘வீட்டு வேலைகளையும் செய்துகொண்டே சாதித்த மாணவி’ என்ற பட விளக்கமும் வரும். அந்த வீட்டில் அண்ணனோ தம்பியோ இருந்தால், அவர் என்ன வேலை செய்தார் என்று நிருபர் கேட்டு வரட்டும்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், தமிழாசிரியர்கள் சிலர்,
திருவல்லிக்கேணி, சென்னை.